பொடிக்குள் ஒரு பாடி!

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அரியலூர் நண்பன் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். கையில் மஞ்சள் பை. ஆஹா, கல்யாணப் பத்திரிகை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். வயசு முப்பத்தாறு ஆகிறதே அவனுக்கு! ஆனால் பைக்குள்ளிருந்து வெளியே வந்தது நாவல்.

"க்ரைம் மாப்ள. மொதல்ல படிக்கிற பாக்கியம் உனக்குத்தான்."

நண்பன் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற லாரிகள். நாவலையும் ஆபீஸ் செலவிலேயே முடித்திருந்தான். அதாவது எடைமேடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில். கதாநாயகி குலுங்கிக் குலுங்கி அழுகிற கட்டத்தைத் திருப்பிப் பார்த்தால், காலி வண்டி இத்தனை டன், லோடு வண்டி இத்தனை டன் என்று இருக்கிறது. கொலை விழுகிற பக்கத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு டிரைவரின் கையெழுத்து.

தலைப்பு: 'பொடிக்குள் ஒரு பாடி!'

இவனைச் சொல்லிக் குற்றமில்லை. அரியலூர்க்காரர்களுக்கு க்ரைம் நாவல் என்பது ரயில் டிக்கெட்டோடு சேர்ந்து வருகிற வியாதி. பல்லவனுக்குக் காத்திருக்கும்போது வாங்கி, விழுப்புரம் தாண்டுவதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்து, எழும்பூரில் இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற பரம்பரை. ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். அதில் பாதியைத் தான் படித்துவிட்டதாக நண்பன் சாதிக்கிறான். மீதிப் பாதியை அவன் அப்பா.

டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். கதை நடப்பது ஒரு 'வெல்னெஸ் ஸ்டார்ட்-அப்' கம்பெனியில். பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். (பெரம்பலூரில்!) வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும் ஸ்லீவ்லெஸ். மூலிகைப் பொடி அரைக்கிற மெஷினில் ஒருநாள் காலை சத்தம் வித்தியாசமாக வருகிறது. திறந்து பார்த்தால் முதலாளியின் மோதிர விரல், மோதிரத்தோடு. இன்ஸ்பெக்டர் வருகிறார். மூன்று அத்தியாயத்துக்கு சிகரெட் பிடிக்கிறார்.

"கொலைகாரன் யாருடா?"

"யோகா மாஸ்டர்."

"ஏன் கொன்னான்?"

"பொறாமை."

"எதுல பொறாமை?"

"அது இன்னும் யோசிக்கல மாப்ள" என்று டீயை ஊதினான்.

பி.காம். படித்தவன் எந்தக் கதையிலும் பிணத்துக்கு முன்னால் பேலன்ஸ் ஷீட்டைத்தான் தேடுவான். அது எங்கள் வியாதி. "டேய், இந்த மாதிரி கம்பெனியில கத்தி, துப்பாக்கி எல்லாம் எதுக்குடா? நிஜத்துல நடந்ததைக் கேளு" என்று ஆரம்பித்தேன்.

பெங்களூரில் மோஜோகேர் என்று ஒரு கம்பெனி. 2020-ல் ஆரம்பித்தது. முடி கொட்டுகிறதா, சருமப் பிரச்னையா, ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற விஷயமா... போனிலேயே ஆலோசனை, வீட்டுக்கே மருந்து. அக்மார்க் வெல்னெஸ் ஸ்டார்ட்-அப். 2022 ஆகஸ்டில் பெரிய பெரிய முதலீட்டாளர்கள் சேர்ந்து சுமார் 2 கோடி டாலர் போட்டார்கள். நம்ம ரூபாயில் ஏறக்குறைய 160 கோடி. அடுத்த வருஷமே, 2023 ஜூனில், பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது கம்பெனி. பணம் போட்டவர்கள் கூட்டாக ஓர் அறிக்கை விட்டார்கள். கணக்குகளைத் தோண்டியதில் நிதி முறைகேடுகள் தென்படுகின்றன, இந்த வியாபாரம் இப்படியே நிலைக்காது என்று.

"அவ்ளோதானா? ஒருத்தன்கூட சாகலையா?" நண்பனுக்கு ஏமாற்றம்.

"பத்து மாசத்துல ஒரு கம்பெனியே செத்த மாதிரி ஆச்சே, பத்தாதா? சரி, உன் நாவலுக்கு வருவோம். உன் பொடிக் கம்பெனி பத்தாயிரம் டப்பா வித்ததாக் கணக்கு காட்டுதுன்னு வெச்சுக்க. நிஜமா வித்தது மூவாயிரம். இதை யார் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"இன்ஸ்பெக்டர் ராத்திரி குடோன்ல புகுந்து..."

"வேணாம். ஒரு ஆடிட்டர் பையன் போதும். விற்பனைப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு, கொள்முதல் புத்தகத்தைத் திறப்பான். எத்தனை டப்பா வாங்கியிருக்கான்? எத்தனை மூடி வாங்கியிருக்கான்? மூவாயிரத்துச் சொச்சம் மூடி வாங்கினவன் பத்தாயிரம் டப்பா எப்படி வித்தான்? மீதியை உள்ளங்கையால மூடிக் குடுத்தானா?"

நண்பனின் கண்கள் விரிந்தன. இது அவன் பேட்டை. லாரி காலியாக ஏறும்போது ஓர் எடை, லோடோடு ஏறும்போது ஓர் எடை. நடுவில் டிரைவர் என்ன கதை சொன்னாலும் மேடை சொல்வதுதான் கணக்கு. இருபது வருஷ க்ரைம் நாவலில் வராத த்ரில் மூடிக் கணக்கில் வந்துவிட்டது அவனுக்கு. யோகா மாஸ்டரை அங்கேயே, டீக்கடை பெஞ்சிலேயே, விடுதலை செய்தான்.

விற்பனையை ஊதிப் பெரிதாக்கினால் எங்கே போய் முட்டும் தெரியுமா? வரவேண்டிய பாக்கியில். சரக்கு விற்றாயிற்று, ஆனால் காசு வரவில்லை என்றுதானே எழுத முடியும்? அந்தப் பாக்கிப் பட்டியல் மாசா மாசம் வீங்கிக்கொண்டே போகும். பட்டியலில் இருக்கிற கடைகளுக்குப் போன் போட்டால், ஒன்று ஸ்விட்ச் ஆஃப், இன்னொன்று முதலாளியின் மச்சினன். ஆபீஸ்களில் வேலை பார்க்கிற வாசகர்களுக்கு இது புதுசு இல்லை. உங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் மார்ச் கடைசி வாரம் சிலர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று நினைத்தீர்கள்?

இரண்டாவது டீ வந்தது. நான் அமெரிக்கா போனேன்.

"தெரனோஸ்னு ஒரு கம்பெனி. நடத்தினது எலிசபெத் ஹோம்ஸ்."

"ஹோம்ஸா! துப்பறியறவங்களா?"

"இல்ல. இந்தக் கதையில குற்றவாளியே ஹோம்ஸ்தான்."

பத்தொன்பது வயசில் ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டு 2003-ல் கம்பெனி ஆரம்பித்த பெண் அவர். விரல் நுனியில் குத்தி எடுக்கிற சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை செய்கிற மெஷின் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு பெரிய மருந்துக்கடைக் குழுமத்தின் கடைகளுக்குள்ளேயே ரத்தம் எடுக்க இடம் பிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'வெல்னெஸ் சென்டர்'! கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். டைரக்டர்களில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு மந்திரிகள் இரண்டு பேர்: கிஸ்ஸிங்கர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ். எல்லாம் இருந்தது, மெஷின் மட்டும்தான் சரியில்லை. சொந்த மெஷினில் ஓடியது ஒரு டஜன் பரிசோதனை. மற்றதையெல்லாம் சத்தம் போடாமல் வேறு கம்பெனி மெஷின்களில் ஓட்டினார்கள். ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன் டைலர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, முடிவுகள் தப்பாக வருகின்றன என்று கண்டுபிடித்து, தாத்தாவிடம் போய்ச் சொன்னார். தாத்தா நம்பியது கம்பெனியை! 2015 அக்டோபரில் ஜான் கேரிரூ என்ற நிருபர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் போட்டு உடைத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. டைலர் அவருக்குத் தகவல் தந்தவர்களில் ஒருவர்.

எனக்குப் பிடித்த இடம் மெஷின் அல்ல, கணக்கு. 2014-ல் 10 கோடி டாலருக்கு மேல் வருமானம் வரும் என்று பணம் போட்டவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வந்தது எவ்வளவு? ஒரு லட்சம் டாலரும் கொஞ்சம் சில்லறையும். மூன்று பூஜ்யம் காணோம்!

"ஜெயில்தானே?" என்றான் நண்பன் ஆர்வமாக.

"2022 ஜனவரியில குற்றவாளின்னு தீர்ப்பு. பதினொரு வருஷம் மூணு மாசம். 2023 மே கடைசியில உள்ள போனாங்க. ஆனா ஒரு விஷயம். ஜூரிகள் குற்றவாளின்னு சொன்ன நாலு குற்றச்சாட்டும் பணம் போட்டவங்களை ஏமாத்தினதுக்கு."

"அப்ப ரத்தம் குடுத்த ஜனங்க?"

"அவங்களை ஏமாத்தினதாச் சொன்ன குற்றச்சாட்டுகள்ல ஹோம்ஸ் குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பாச்சு. கூட்டாளி பல்வானிக்கு நடந்த தனி கேஸ்லதான் அதுக்கும் சேர்த்துத் தண்டனை."

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு காலி எடைச்சீட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டான். "சரி, நம்ம ஊர்ல பொடிக் கம்பெனி எப்படிடா நடக்கும்? பத்து மாடி வேணாம். நெசமாச் சொல்லு."

எனக்குத் தெரியும். நெசமாகவே தெரியும். கொரோனா ஓய்ந்த 2022-ல் எங்கள் பக்கம் அப்படி ஒன்று நடந்தது. பெயர் வேண்டாம். செல்போன் கடைக்கு மேலே ஒரே ஒரு ரூம். லேப்டாப் ஒன்று, 'ஃபவுண்டர்' என்று கார்டு அடித்த பையன் ஒருவன், சுவரில் யானை அளவுக்கு ஓர் இலைப் படம். சர்க்கரை வியாதிக்குப் பொடி. வாங்கினால் மட்டும் போதாது, ஐந்து பேரைச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேரை. கமிஷன் மேலிருந்து கீழே அல்ல, கீழேயிருந்து மேலே ஏறும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். சாப்பாடு பிரமாதம். இலைக்குப் பக்கத்தில் கிடந்த டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5, 25, 125... எட்டாவது படியில் 3,90,625 பேர். ஒன்பதாவது படியில் 19,53,125. பெரம்பலூர் மாவட்டமும் அரியலூர் மாவட்டமும் தொட்டில் குழந்தைகள் உட்பட மொத்தமாகச் சேர்ந்தாலே 2011 கணக்குப்படி பதின்மூன்று லட்சம்தான். ஒன்பதாவது படிக்கு ஆள் பிடிக்க சாத்தனூர் கல்மரத்தைத்தான் சேர்க்க வேண்டும்! பக்கத்து இலைக்காரரிடம் டிஷ்யூவைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். பாயசம் வந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி. 2020-ல் குன்னத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் வாட்ஸப்பில் பொரிந்துவிட்டது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, கடல்வாழ் அம்மோனைட் படிவம் என்றார்கள். அந்த முட்டையால் யாருக்கும் நஷ்டமில்லை. பொடி விஷயம் அப்படியில்லை.

பொடி வேலை செய்வது மாதிரி தெரிவதற்கும் காரணம் உண்டு. வாங்குகிறவர் புது வேகத்தில் தினம் நடப்பார், காபிக்குச் சர்க்கரையை நிறுத்துவார், பழைய மாத்திரையையும் போட்டுக்கொண்டிருப்பார். சர்க்கரை இறங்கும். பேர் பொடிக்கு! இந்த மாதிரி சில பொடிகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததும் உண்டு. எங்கள் ஊர்ப் பொடியில் அந்த உபகாரம்கூட இல்லை.

"சூப்பர்டா" என்றான் நண்பன். "ஃபவுண்டர் இருக்கான், ஏமாந்தவன் இருக்கான், மூடிக் கணக்கு இருக்கு. ஆனா வில்லன் கடைசி பக்கம் வரைக்கும் தெரியக் கூடாது. வாசகன் சந்தேகமே படாத ஒருத்தன் வேணும். யாரைப் போடலாம்?"

"நோட்டீஸ் எழுதினவனைப் போடு."

"எந்த நோட்டீஸ்?"

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ஃபவுண்டர் பையன் என்னைத் தேடி வந்தான். "சார், நீங்க பத்திரிகையில எழுதறவங்க. நல்ல தமிழ்ல ஒரு நோட்டீஸ் வேணும்." இரண்டாயிரம் ரூபாய் தந்தான். அந்த வாரம் மூன்று கட்டுரை திரும்பி வந்திருந்தது. அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். 'சர்க்கரைக்கு டாட்டா!' என்ற வரி அவன் சொன்னது. அதோடு நின்றால் சந்தம் மொட்டையாக இருந்தது. 'மாத்திரைக்கும் டாட்டா!' என்பதை நான் சேர்த்தேன். பையன் கைதட்டினான்.

பிறகு ஒருநாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் விளம்பரம் பற்றி 1954-லேயே சட்டம் இருக்கிறது. இந்தந்த வியாதிகளைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்று 54 வியாதிகளுக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள். நீரிழிவு அதில் உண்டு. விளம்பரம் வெளியாவதில் எந்த விதத்திலும் பங்கெடுக்கக் கூடாது என்கிறது சட்டம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை உள்ளே என்று எழுதி வைத்திருந்தார்கள். 'சந்தத்துக்காக' என்று விலக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

நண்பன் சிரிக்கவில்லை. "யாராச்சும் நெசமாவே மாத்திரையை நிறுத்துனாங்களா?"

"எங்க பெரியப்பா."

மக்காச்சோளம் போடுகிறவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் தெருப் பையன் ஒருவன் அவரை ஐந்தில் ஒருவராகச் சேர்த்துவிட்டான். பாவம், அவனும் கடன் வாங்கித்தான் சேர்ந்திருந்தான். பெரியப்பா சாதாரணமாக எதையும் நம்புகிற ஆள் இல்லை. உர மூட்டையையே எடை போட்டுத்தான் வாங்குவார். நோட்டீசைப் படித்திருக்கிறார். "இது நம்ம தம்பி எழுதுனதாமே" என்று பெரியம்மாவிடம் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாசா மாசம் வீட்டு வாசலுக்கே வந்த மாத்திரை அட்டைகள், பிரிக்காமல் கண்ணாடி மாடத்தில் அடுக்கி இருந்தன. ரப்பர் செருப்பு கடித்த புண் வலிக்கவே இல்லை அவருக்கு. சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போனவனுக்கு வலி எப்படித் தெரியும்? திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு விரலை எடுத்தார்கள். கம்பெனி அதற்குள் ரூமைக் காலி பண்ணிவிட்டது.

நண்பன் எடைச்சீட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தான். "முதல் அத்தியாயத்துல முதலாளியோட விரல் வருதுல்ல... அதை எடுத்துடறேன் மாப்ள" என்றான். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கேட்டான். "அந்த நோட்டீஸ் இருந்தாக் குடு. அப்படியே நாவல்ல போட்டுக்கறேன்."

என்னிடம் இல்லை. புதன்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததை எடுத்துத் தந்தார்.

பின்பக்கம் காலியாக விட்டுத்தான் அச்சடித்திருந்தோம். இப்போது காலியாக இல்லை. பென்சிலால், கோடு போட்டு, தேதி வாரியாக எழுதியிருந்தார். மகள் வாங்கித் தந்த மெஷினில் வாராவாரம் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை. 142. 158. 171. 196. 223. 247. 281. 318.

"ஏறிக்கிட்டே போயிருக்கே பெரியப்பா. அப்பவே மாத்திரைய எடுத்திருக்கலாம்ல?"

"முன்னாடி திருப்பு. கடைசி வரியப் பாரு" என்றார்.

திருப்பினேன். 'முதலில் சற்று ஏறும். பயப்பட வேண்டாம். உடலில் உள்ள கெட்டது வெளியேறுவதன் அறிகுறி அது!' ஃபவுண்டர் பையன் அந்த மாதிரி ஏதாவது வேண்டும் என்றான். வார்த்தைகள் என்னுடையவை. ஆச்சரியக்குறியும்.

"எடுத்துக்கிட்டுப் போறேன் பெரியப்பா. ஒரு நாவலுக்கு வேணும்."

"ஜெராக்ஸ் எடுத்துட்டு இதக் கொண்டாந்து குடுத்துடு தம்பி. செவ்வாக்கெழமை திருச்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பழைய கணக்கு ஏதாச்சும் இருந்தா எடுத்தாங்கன்னு டாக்டர் கேட்டிருக்காரு."

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா சார்?" என்று கேட்டான் பையன். ரெண்டு பக்கமும் என்றேன். பென்சில் எழுத்து மங்கலாக விழுந்ததால், கறுப்பைக் கூட்டி வைத்து இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தான்.